கசோண்டே எடுத்துப்போன சோப்புகள்

“எப்பெப்போ கை கழுவணும்?”

“சமைக்கறதுக்கு முன்னாடி.”

“அப்புறம்?”

“சாப்பிடறதுக்கு முன்னாடி. கக்கூஸ் போயிட்டு வந்து. கொழந்தைக்குக் கழுவி விட்டதும். கொழந்தைக்கு ஊட்டறதுக்கு முன்னாடி. அஞ்சும் ஆச்சு அக்கா, வெயில் ஏறுது, விடு.”

செலிப்பா ஷாவா விடவில்லை. மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களை எழுப்பி நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். ஆண்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் எழுப்பினாள்.

சிங்கோம்பே ஊருக்கு ‘தூய கைகள்’ திட்டம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து செலிப்பாதான் அதன் தொண்டர். நாற்பத்திரண்டு வீட்டுக் கழிப்பறைப் பக்கமும் இரண்டு கம்பு நட்டு, குறுக்கே ஒரு கம்பு கட்டி, அதில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஊற்றும்படி கயிறு போட்டவள் அவள். கேனை யாராவது கள் ஊறவைக்க எடுத்துப்போனால் போய்ச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கி வந்தவளும் அவளே. சோப்பைக் காக்கை தூக்கிக்கொண்டு போனால் காக்கையைத் திட்டுவாள். காக்கை தூக்கும் இடத்தில் வைத்தவளை அதைவிட அதிகமாகத் திட்டுவாள்.

அந்தத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் வண்டி. மாதத்தில் முதல் வியாழக்கிழமை ஒரு நர்ஸம்மாவும் எடை பார்க்கும் தராசும் ஊசி மருந்துப் பெட்டியுமாக ஊருக்கே வந்து நிற்கும்; திரும்பும்போது நாள் நெருங்கியவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும். வண்டி இல்லாத காலத்தில் ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். செலிப்பாவின் தங்கை டிலேலே முதல் பிரசவத்துக்கு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனாள். பாதி வழியில் ஒரு பருத்திக் காட்டுக்குள் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ‘இஞ்சிங்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் பாஷையில் சைக்கிள் என்று அர்த்தம். ஊரே சிரித்தது, டிலேலேயும் சிரித்தாள். செலிப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தங்கைக்குப் போன ரத்தத்தைத் தன் இடுப்பில் சுற்றியிருந்த சிதெங்கே துணியால் அழுத்திப் பிடித்தவள் அவள்.

இப்போது டிலேலே மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். ஜனவரியில் நாள்.

போன மாதம் தலைநகர் லுசாக்காவிலிருந்து கடிதம் வந்தது. திட்டம் பலன் தந்ததா என்று மதிப்பீடு செய்ய ஆள் வருகிறார். நூற்றுக்கு எழுபது வந்தால் திட்டம் தொடரும், வண்டியும் வரும். எழுபதுக்குக் கீழே போனால் இரண்டும் வேறு பக்கம் போய்விடும்.

“அதனாலதான் சொல்றேன்,” என்றாள் செலிப்பா. “வர்றவர் கேள்வி கேப்பார். சிரிக்காதீங்க. இழுக்காதீங்க. அஞ்சையும் வரிசையா சொல்லுங்க. தலைவரே, நீங்களும்தான்.”

ஊர்த் தலைவர் மக்வாக்வா நாற்காலியில் நிமிர்ந்தார். “எனக்கு ஒத்திகை எதுக்கும்மா? கவர்னர் வந்தப்பவே பேசினவன் நான்.”

“கவர்னர் உங்ககிட்ட கை கழுவினீங்களான்னு கேக்கலையே.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

*

செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் ஒருவன். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் ஒரு டேப்லெட், முகத்தில் புழுதி. செலிப்பா ஓடிப்போய் மண்டியிட்டு, கைதட்டி வணக்கம் சொன்னாள். தலைவர் தன் வீட்டு வாசலில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நல்லது, வாங்க, உக்காருங்க. பேரு?”

“கசோண்டே.”

தலைவரின் கண்ணில் என்னவோ ஒன்று அசைந்தது. “எந்த ஊரு தம்பி?”

“கசாமா பக்கம்.”

“பெம்பாவா?”

“பெம்பாதான்.”

தலைவர் மெதுவாகத் திரும்பி செலிப்பாவைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் செலிப்பா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“ஏம்மா, யாரோ அதிகாரி வர்றார்னு சொன்ன. கொரங்கு தின்னி வந்திருக்கான்.”

“எலி தின்னறவங்க எத்தனை பேர்னு எண்ண ஆள் வேணும்னாங்க,” என்றான் கசோண்டே, ஹெல்மெட்டைக் கழற்றாமலே. “அதான் வந்தேன்.”

தலைவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது: முறைக்காரன் வந்திருக்கான்.

சிங்கோம்பேக்காரர்கள் ங்கோனிகள். ங்கோனிகளும் பெம்பாக்களும் பூட்டன் காலத்தில் அடித்துக்கொண்டவர்கள். அடித்து ஓய்ந்தபின் கேலி முறை கொண்டாடத் தொடங்கியவர்கள். ஒருத்தனை ஒருத்தன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபப்படக் கூடாது. வீட்டுக்குள் புகுந்து கையில் கிடைத்ததை எடுத்துப்போகலாம், கேட்கக் கூடாது. சாவு வீட்டிலும் உண்டு. எல்லாரும் அழும்போது முறைக்காரன் வந்து செத்தவனின் கஞ்சத்தனத்தையும் குறட்டையையும் நடித்துக் காட்டுவான். அழுதவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிப்பார்கள். பெம்பாக்காரனிடம் மரியாதையாக, நேராகப் பதில் சொன்னால் அவனை அந்நியன் என்று தள்ளிவைத்ததாக அர்த்தம்.

செலிப்பாவுக்கு இது தெரியாததல்ல. லுசாக்காவில் இருப்பவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று பட்டியல் போட்டது மனிதர்கள் இல்லையாம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதாம்.

*

தொண்டர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் அவள் ஒவ்வொரு வீட்டு நாணல் வேலிக்கும் பின்னால் நின்று, காதை மட்டும் உள்ளே அனுப்பினாள்.

தலைவர் வீடு.

“எப்போதெல்லாம் கை கழுவுவீங்க?”

“பெம்பாக்காரனுக்குக் கை குடுத்தா கழுவுவேன். இல்லேன்னா எதுக்கு?”

“சோப்பு இருக்கா?”

“இருந்துச்சு. உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒளிச்சு வெச்சுட்டேன். தின்னுடுவியே.”

“மயிர் பொசுக்காத எலியத் தின்ன வாயிக்கு சோப்பு பத்தாது. மண்ணெண்ணெய் வேணும்.” சொல்லிக்கொண்டே அவன் டேப்லெட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக், டக்.

அடுத்தது ஃபாலெஸ் வீடு. முந்தின நாள் ஒத்திகையில் ஐந்தையும் மூச்சு விடாமல் சொன்னவள் அவள்.

“எப்போ கழுவுவீங்க மச்சினி?”

“எம் பொண்ணுக்கு நீ பரிசம் கொண்டு வர்ற அன்னிக்கு. மாடு எத்தனை?”

“உங்க பொண்ணைப் பாத்தேன். மாட்டை நீங்கதான் எனக்குக் குடுக்கணும்.”

டக், டக்.

வேலிக்கு வெளியே செலிப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் இருபது வீடு. எல்லா வீட்டிலும் இதே கூத்து. சிரிப்பு ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிக்குத் தாவிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டிலேலே வீட்டுக்கு வந்தபோது செலிப்பாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவள். வண்டி யாருக்கு வேண்டுமோ அவள்.

“எப்போ கை கழுவுவீங்க?”

செலிப்பா வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

“நாங்க எங்க கழுவறது மச்சான்,” என்றாள் டிலேலே, பெருமூச்சு விட்டபடி. “பூனை மாதிரி நக்கிக்கறதுதான். மழை பெய்யறப்ப வெளியே நின்னுக்குவோம்.”

டக், டக்.

சாயங்காலம் அவன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது செலிப்பா குறுக்கே நின்றாள்.

“அவங்க சொன்னதையெல்லாம் அப்படியே போட்டீங்களா?”

“போட்டேன்.”

“வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மச்சினி. இன்னிக்கு மாதிரி நான் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. ஆனா பயிற்சியில என்ன சொன்னாங்க? ‘சொன்னதைச் சொன்னபடி பதிவு செய், உன் விளக்கத்தைச் சேர்க்காதே.’ போன வருஷம் ஒருத்தன் விளக்கம் சேர்த்தான். இப்போ கோழி விக்கறான்.”

“எங்க கேனைப் பாருங்க. கக்கூஸைப் பாருங்க.”

“பாக்கறதுக்கு இதுல இடம் இல்ல. கேக்கறதுக்குத்தான் இடம்.” டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே கடைசிக் கட்டத்தில் ‘மற்றவை’ என்று இருந்தது. அது மட்டும் நிரம்பி வழிந்தது.

*

மூன்று வாரம் கழித்து மேலதிகாரி திருமதி ஹபீன்சு நேரிலேயே வந்தார். பக்கத்தில் கசோண்டே, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் மாதிரி. ஊரார் மாமரத்தடியில் கூடினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்து, நீதிமன்றத்தில் தீர்ப்புப் படிப்பதுபோலப் படித்தார்.

“‘எப்போது கை கழுவுகிறீர்கள்’ என்ற வினாவுக்கு: பெம்பா இனத்தவருடன் கைகுலுக்கிய பின்னர் மட்டும், பதினெட்டுக் குடும்பங்கள். தமது மகளுக்குப் பரிசம் வந்தடையும் நாளில், பதினொரு குடும்பங்கள். கழுவுவதில்லை, பூனையைப் போல் நக்கிக்கொள்கிறோம், எட்டுக் குடும்பங்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. தாளில் ஏறிவிட்ட கேலி இப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

“சரியான பதில் சொன்னது அஞ்சு வீடு,” என்றார் ஹபீன்சு. “நூத்துக்குப் பன்னிரண்டு.”

அந்த ஐந்து வீடும் வேறு இனத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுடையவை. பெம்பாவோடு அவர்களுக்கு முறை கிடையாது.

“எனக்கு ஒண்ணு சொல்லுங்க,” என்று செலிப்பா ஊர்ப்பக்கம் திரும்பினாள். “ஒருத்தர் ரெண்டு பேர் கேலி பண்ணினா சரி. முப்பத்தேழு வீடுமா?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “நான் ஒருத்தன்தானே, மத்தவங்க ஒழுங்கா சொல்லிடுவாங்கன்னு நெனைச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனைச்சேன்,” என்றாள் ஃபாலெஸ்.

“நானும்,” என்றாள் டிலேலே, தரையைப் பார்த்து.

நானும், நானும் என்று அது கூட்டத்தின் கடைசி வரைக்கும் போயிற்று.

ஹபீன்சு தாளை மடித்தார். “எனக்குப் புரியாம இல்ல. நான் டோங்கா. எங்க ஊருக்கு லோசிக்காரன் வந்தா நாங்களும் இதைத்தான் பண்ணுவோம். ஆனா கமிட்டிக்கு முன்னாடி நான் வெக்கறது எண். முறை கிறைன்னு அதுல எழுத முடியாது. வேணும்னா ஒண்ணு செய்யறேன். முறை இல்லாத வேற ஒருத்தரை மறுபடி அனுப்பறேன்.”

கூட்டம் மூச்சு விட்டது. செலிப்பாவுக்குத் தலையாட்டினால் போதும். ஆட்டவும் போனாள். ஆனால் மூன்று வருஷமாகப் பிறர் கேனைத் தூக்கிப் பார்த்தே பழகிப்போனவள். வாய் சும்மா இருக்கவில்லை.

“வேற ஆள் வந்தா நூத்துக்கு நூறு வரும் மேடம்.”

“நல்லதுதானே?”

“அது பொய்யி. நான்தான் சொல்லிக் குடுத்தேன். கழுவாத வீடும் அஞ்சையும் ஒப்பிக்கும். விருந்தாளி மனசு நோகக் கூடாதுன்னு ஆமா ஆமாங்கும். பக்கத்து ஊருக்கு எவ்வளவு வந்துச்சு?”

“தொண்ணூத்தெட்டு.”

“அங்க போய் கேனைப் பாருங்க. அதுல கோழி அடை காக்குது.”

“அக்கா, வாயை மூடு,” என்றாள் டிலேலே சன்னமாக.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. கசோண்டே எப்போது நழுவினானோ தெரியவில்லை. தலைவரின் சோளக் குதிர்ப் பக்கமிருந்து ஒரு பெரிய பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“கசோண்டே,” என்றார் ஹபீன்சு. “என்ன அது?”

“பூசணிக்காய் மேடம்.”

“திருடறீங்களா?”

“முறை மேடம்.”

தலைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “விதைக்கு வெச்சிருந்தது,” என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்ல வழியில்லை.

செலிப்பா அந்தப் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹபீன்சுவின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“மேடம், இவர் கேட்டா எங்க ஊர்ல பதில் வராது. ஆனா இவர் எடுத்தா யாரும் தடுக்க முடியாது. இப்பவே ஒரு சாக்கைக் குடுத்து அனுப்புங்க. எந்த வீட்ல சோப்பு இருந்தாலும் எடுத்துட்டு வரட்டும். ஊரே இங்க உக்காந்திருக்கு. ஒளிச்சு வெக்க ஒருத்தரும் வீட்ல இல்ல. கைபட்ட சோப்பு ஈரமா இருக்கும். இந்த அக்டோபர் வெயில்ல ஒரு நாள் தொடலைன்னா கல்லாப் போயிடும். ஒத்திகை பாத்து ஏமாத்த முடியாது.”

ஹபீன்சு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

“நகம் இறங்கினா ஈரம்,” என்றார் கடைசியில். “இறங்கலைன்னா இல்ல. யாரும் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கசோண்டே, போங்க.”

அவன் அதற்குள் பாதி தூரம் போயிருந்தான்.

*

நாற்பத்திரண்டு வீடு சுற்றிவர அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மரத்தடியில் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியில் அவன் யாருடைய வீட்டிலோ வேர்க்கடலை வறுத்து வைத்ததைத் தின்றுகொண்டே வருவது தெரிந்தது. கடலைக்குச் சொந்தக்காரி பல்லைக் கடித்தாள். அவ்வளவுதான்.

மாவுச் சாக்கைப் பாயில் கவிழ்த்தான். சோப்புகள் உருண்டன. நீலம், மஞ்சள், வெள்ளை; கட்டியிலிருந்து நூல் போட்டு அறுத்த துண்டுகள், தேய்ந்து இலையாகிப்போன துண்டுகள், இரண்டு துண்டை ஒட்டி ஒன்றாக்கியவை. முப்பத்திநான்கு.

“எட்டு வீட்ல ஒண்ணும் இல்ல,” என்றான் கசோண்டே.

“இருக்கட்டும். எது எந்த வீடு?” என்றார் ஹபீன்சு, பேனாவைத் திறந்து.

கசோண்டே விழித்தான். “எல்லாத்தையும் ஒரே சாக்குலதானே மேடம் போட்டேன்.”

“வீடு தெரியாம எப்படிப் பதியறது? ஒரே வீட்ல நாலு எடுத்தீங்களோ என்னமோ, யார் கண்டா?”

“நான் சொல்றேன்,” என்றாள் செலிப்பா.

அவள் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். “இது ஃபாலெஸ் வீடு. கட்டை விரலால ஒரே எடத்துல அழுத்துவா, பாருங்க குழி. இது டிலேலே வீடு, பல் தடம் இஞ்சிங்காவோடது, போன வாரம் கடிச்சான். இது கொல்லன் வீடு, கரி ஒட்டியிருக்கு. இது அந்த மூணு அண்ணன் தம்பி வீடு, ஒருத்தன் வாங்க மாட்டான், மத்தவன் தேய்ச்ச மிச்சத்தை ஒட்டி ஒட்டி வெப்பாங்க.”

எடுக்க எடுக்க, சொந்தக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒன்றில்கூட அவள் தப்பவில்லை. ஹபீன்சு ஒவ்வொன்றிலும் நகத்தைப் பதித்துப் பார்த்துத் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முதலில் அவர் சோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் செலிப்பாவைப் பார்க்கத் தொடங்கினார்.

“இது தலைவர் வீடு. காஞ்சு கெடக்கு.”

“நேத்துத்தான்—”

“நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல. ஒங்க சம்சாரம் பம்புக்குத் தண்ணிக்குப் போகையில அங்கேயே கழுவிட்டு வந்துடறாங்க. நீங்க கழுவறதே இல்ல.”

தலைவர் மேற்கே பார்த்தார்.

முப்பத்திமூன்று முடிந்தது. காய்ந்தவை நான்கு, ஈரம் இருபத்தொன்பது. ஹபீன்சு தாளின் ஓரத்தில் பெருக்கி வகுத்தார்.

“நாப்பத்திரண்டுல முப்பது இருந்தா எழுபதைத் தாண்டிடும்,” என்றார். “இன்னும் ஒண்ணு பாக்கி. அது யாரோடது?”

பாயில் ஒரே ஒரு சோப்பு கிடந்தது. கனமான, முழுக் கட்டி. மழை காணாத குளம்போல நெடுக வெடித்திருந்தது. அதன்மேல் அச்சடித்த எழுத்து இன்னும் தேயவில்லை. ‘தூய கைகள்’ என்று அத்தனை பேரும் படிக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் திட்டம் தொடங்கிய அன்று தொண்டருக்கு மாதிரியாகக் கொடுத்தது.

செலிப்பா அதை எடுக்கவில்லை. காலையில் எழுந்தால் அவள் ஓட்டம் ஊருக்குள். ஃபாலெஸ் வீட்டுக் கேன் சரியாகச் சாய்கிறதா என்று மிதித்துப் பார்த்து ஒரு கழுவல். கொல்லன் வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஒரு கழுவல். இப்படி நாளொன்றுக்குப் பதினைந்து கழுவல், பதினைந்தும் பிறர் வீட்டில். தன் வீட்டுக் கேனில் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

கசோண்டே பாயை மடிப்பதுபோல அவள் பக்கம் குனிந்தான். “பக்கத்துல வாளியில தண்ணி இருக்கு மச்சினி,” என்றான், உதடு அசையாமல். “கை தவறி விழுந்துடுச்சுன்னா நான் பாக்கலை.”

அவள் வாளியைப் பார்த்தாள். டிலேலேயின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கசோண்டேயின் முகத்தைப் பார்த்தாள். நல்ல மனுஷன்தான். ஆனால் முறைக்காரன். இன்றைக்குப் பார்க்காதவன், என்றைக்காவது அவள் செத்துக் கிடக்கும்போது வருவான். சிதெங்கே கட்டி, அவளைப்போலவே நடந்து, வாளியில் சோப்பைத் தவறவிட்டு நடித்துக் காட்டுவான். ஊர் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்கும். எழுந்து பதில் சொல்லவும் முடியாது.

“என்னோடது,” என்றாள் செலிப்பா.

“யாரோடது?” என்றார் தலைவர், மேற்கிலிருந்து திரும்பி.

“என்னோடதுதான். காஞ்சதுன்னே எழுதுங்க மேடம்.”

தலைவர் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தார், அது இருமலாக வந்தது. ஃபாலெஸ் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். பிறகு யார் முதலில் விட்டார்கள் என்று தெரியவில்லை, மரத்தடி முழுக்க வெடித்துவிட்டது. செலிப்பாவுக்கே அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எந்தத் தண்ணீர் என்று அவளே பிரித்துச் சொல்லியிருக்க மாட்டாள்.

சிரிப்பு ஓய்ந்தபோது ஃபாலெஸ்தான் எழுந்தாள். “மேடம், அவ கையைப் பாருங்க. எங்க வீட்ல கழுவி, எல்லார் வீட்லயும் கழுவி, தோலே உரிஞ்சு போச்சு. இந்த ஊர்லயே சுத்தமான கை அவளோடதுதான். அதுக்கு ஒரு மார்க்கு கெடையாதா?”

ஹபீன்சு செலிப்பாவின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

“சோப்புக்குத்தான் கட்டம் இருக்கு. கைக்கு இல்ல,” என்றார். “இப்பத்தானே நாமளே விதி போட்டோம். நான் இதை மாத்தினா நாளைக்கு எல்லாத்தையும் மாத்தணும்.” அவர் எழுதினார். பேனா நின்றது. “அறுபத்தொன்பது.”

டிலேலே எழுந்திருக்கப் பார்த்தாள். யாரோ கைகொடுத்தார்கள். “அப்ப வண்டி?” என்றாள்.

ஹபீன்சு முன்னால் மடித்துவைத்த தாளைப் பிரித்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் பன்னிரண்டு, ஒன்றில் அறுபத்தொன்பது. ஒரே ஊர், ஒரே ஆள், இடையில் மூன்று வாரம்.

“பக்கத்து ஊர்ல கோழி அடை காக்குதுன்னு சொன்னீங்களே,” என்றார் செலிப்பாவிடம். “நிஜமா?”

“போன வாரம் பதினோரு குஞ்சு பொரிச்சிருக்கு.”

“அப்படின்னா திட்டம் நடக்கற பதினாலு ஊர்லயும் வாயால வாங்கின எண்ணை வெச்சு நான் எதையும் நிறுத்த முடியாது. ஒரு ஊருக்குச் சாக்கு, மத்த ஊருக்கு வாய்னு ஒப்பிட முடியாது. எல்லா ஊருக்கும் சாக்குதான் போடணும். போட்டு முடிச்சப்புறம்தான் யார் மேல, யார் கீழன்னு சொல்ல முடியும். அதுவரைக்கும் எது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்னு எழுதப்போறேன். வண்டி உள்பட.”

“அதுக்கப்புறம்?” என்றாள் செலிப்பா.

“அதுக்கப்புறம் எனக்கே தெரியாது. அறுபத்தொன்பது மேலயும் இருக்கலாம், கீழயும் இருக்கலாம். அதை உங்க எட்டு வீடும், காஞ்ச அஞ்சு வீடும் பாத்துக்கங்க.”

“பதினாலு ஊரும் யார் சுத்தறது மேடம்?” என்றான் கசோண்டே.

“இந்தப் பக்கம் எல்லா ஊருக்கும் முறைக்காரன் நம்ம ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான்.”

“அடுத்த மாசம் மழை வந்துடும். ரோடு இருக்காது.”

“அது உங்க பாடு.”

அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார். ஊரார் பாயைச் சுற்றிக் குவிந்து, அவரவர் சோப்பைப் பொறுக்கினார்கள். தங்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததைத் தங்களுடையது என்று இரண்டு பேர் சாதித்தார்கள். செலிப்பா போய்ப் பிடுங்கி மாற்றிக் கொடுத்தாள்.

கசோண்டே மோட்டார் சைக்கிளில் பூசணிக்காயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது டிலேலே பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்து, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“பதினாலு ஊரு சுத்த எத்தனை நாளாகும் மச்சான்?”

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். விரல் விட்டு எண்ணுவதுபோல ஏதோ செய்தான்.

“நல்லா வேலை தெரிஞ்சவனுக்கு ஒரு மாசம் போதும்,” என்றான். “உங்க பக்கத்து ஜனங்களோட மல்லுக்கட்டணுமே. ஏப்ரல் ஆயிடும்.”

டிலேலேவுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. அது முறை இல்லை.

“தெரியும்,” என்றாள். “இவ்வளவு சோம்பேறியாப் பொறக்கவும் ஒரு ஜாதி வேணும்.”

அவன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.